கமத்தொழிலாளரின் தசைக் காயங்கள்: அவற்றை அறியும் முறையும் பராமரிக்கும் முறையும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் உடலுழைப்பின்றி நடைபெறும் தொழில் மிகச் சிலவே. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்றரையில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடுவோரும், மதுரங்குளி முதல் மாதம்பை வரையுள்ள தென்னந்தோட்டங்களில் தேங்காய் பறிப்போரும் உரிப்போரும், பாலாவி உப்பளங்களில் உப்பு வாருவோரும், உடப்புக் கரையில் கரைவலை இழுப்போரும் தத்தம் தோளையும் நாரியையும் காலையும் நம்பியே வாழ்கின்றனர். மண்வெட்டியின் காம்பு பிளந்தால் அன்றே மாற்றுகின்றோம். நீர்ப்பம்பி பழுதுற்றால் அதனைக் கழற்றிப் பார்க்கின்றோம். தசை கிழிந்தால் மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுநாளும் அதே வேலைக்குச் செல்கின்றோம். கமத்தொழிற் பாடசாலையில் எருதின் நுகப்புண்ணை ஆற்றும் முறை கற்பிக்கப்பட்டது; எருதை ஓட்டுபவனின் தோளைப் பற்றிய பாடம் யான் பயின்ற காலத்தில் இருந்ததாக நினைவில்லை.

இப்பிரசுரம் வைத்தியருக்குப் பதிலாக எழுதப்பட்டதன்று. எந்த நோவை வீட்டிலேயே பராமரிக்கலாம், எதனை அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும் என்பதைக் கமக்காரர் பிரித்தறிவதற்கு உதவுதலே இதன் நோக்கம். இப்பிரிவை அறியாமையால் உயிரிழந்தோரும் உளர்.

தசையின் அமைப்பு

எலும்புகளை அசைக்கும் தசைக்கு வன்கூட்டுத்தசை என்று பெயர். கரைவலைக் கயிற்றை நினைத்துக்கொண்டால் இதன் அமைப்பு எளிதில் விளங்கும். பல இழைகள் சேர்ந்து புரியாகவும், பல புரிகள் சேர்ந்து கயிறாகவும் அமைவதுபோல, மெல்லிய தசைநார்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து தசையாகின்றன. தசையின் முனை தடித்து, வெண்ணிறமான தசைநாணாகி எலும்பிற் பொருந்துகின்றது. எலும்பை எலும்போடு கட்டுவது வேறு. அது இணையம் எனப்படும். கணுக்கால் மடங்கி வீங்கும்போது பெரும்பாலும் பழுதுறுவது இணையமே. ஊர் வழக்கில் இரண்டையும் சுளுக்கு என்றே சொல்லுகின்றோம்.

கயிறு தேய்ந்த இடத்தில் அறும். தசை பெரும்பாலும் தசைநார் தசைநாணோடு சேரும் இடத்திலேயே கிழிகின்றது. இரண்டு மூட்டுகளைக் கடந்து செல்லும் தசைகளே அதிகம் கிழிவன. கெண்டைக்காலின் மேற்றசையும் தொடையின் பின்றசையும் அத்தகையன. இன்னொன்றும் அறியத்தக்கது. தசை சுருங்கி ஒரு பொருளைத் தூக்கும்போது உண்டாகும் கேட்டிலும், பாரத்தைத் தாங்கியவாறே அது நீளும்போது உண்டாகும் கேடு அதிகம். தேங்காய் மூடையைத் தூக்கி ஏற்றும்போது தாங்கிய தோள், அதனை மெல்ல இறக்கி வைக்கும்போது பிடித்துக்கொள்வதும், ஓடும்போது மணலிற் கால் சறுக்கிக் கெண்டைக்கால் கிழிவதும் இதனாலேயே.

கிழிந்த தசை தானே ஆறும் இயல்புடையது. தசைநாரின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும் சிறு கலங்களை, 1961 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் மௌரோ என்னும் அறிஞர் தவளையின் தசையை இலத்திரன் நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்ந்தபோது கண்டு விவரித்தார். காயமுற்றதும் இக்கலங்கள் விழித்துப் பெருகிப் புதிய தசைநாரை ஆக்குகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதே வேளையில் கிழிவை இணைக்கும் தழும்பும் உண்டாகின்றது. ஏறத்தாழ முதற் பத்து நாள் வரை அத்தழும்பே தசையின் மிக நொய்ந்த பகுதி. நாற்று வேர் பிடிக்குமுன் பிடுங்கிப் பார்ப்பவர் எவருமிலர். ஆனால், நோவு சற்றுக் குறைந்ததும் நான்காம் நாளே மூடை சுமப்பவர் செய்வது அதுவே.

வேலைக் களைப்பும் காயமும்

நீண்ட நாள் ஓய்வுக்குப்பின் முதன்முதலாக மண்வெட்டி பிடித்தவருக்கு மறுநாள் உடல் முழுவதும் நோகும். இந்நோவு வேலை செய்யும் கணத்தில் தோன்றுவதில்லை. ஒரு நாள் கழித்துத் தோன்றி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் பெற்று, ஒரு வாரத்துள் நீங்கும். இரு பக்கமும் ஒத்திருக்கும். வீக்கமோ கன்றலோ பெரிதாக இராது. இதற்கு மருந்து வேண்டுவதில்லை. இலேசான வேலையைத் தொடர்ந்து செய்தலே நன்று.

தசைப்பிடிப்பு வேறொன்று. உப்பளத்திலும் வெங்காயப் பாத்தியிலும் நண்பகல் வெயிலில் வியர்த்து உழைப்பவரின் கெண்டைக்கால் திடீரெனக் கல்லைப்போல் இறுகும். நிழலில் அமர்த்திக் காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியை முழங்காலை நோக்கி மெதுவாகத் தள்ளிப் பிடித்தால் தளரும். பின்னர் உப்பிட்ட கஞ்சியோ ஜீவனியோ அருந்தக் கொடுத்தல் வேண்டும். ஜீவனிப் பொதியை அதில் எழுதியுள்ள அளவு நீரிலேயே கரைக்க. குறைந்த நீரிற் கரைத்தல் தவறு. உப்பை வாரும் தொழிலாளிக்கு உடலில் உப்புக் குறைவது வியப்பாகத் தோன்றினும் உண்மையே.

உண்மையான கிழிவோ அது நேரும் கணத்திலேயே தன்னைத் தெரிவிக்கும். குத்தியது போன்ற நோவு ஓரிடத்தில் உண்டாகும். சிலர் ‘படக்’ கென்ற ஒலியையும் உணர்வர். வைத்தியர் இதனை மூன்று படியாக வகுப்பர். முதற்படியில் சில தசைநார்களே அறும். நோகும், ஆயினும் வலிமை ஏறக்குறைய முழுமையாக இருக்கும். ஒன்று முதல் மூன்று வாரத்துள் ஆறிவிடும். இரண்டாம் படியில் வீக்கமும் வலிமைக் குறைவும் தெளிவாகக் காணப்படும். ஒரு நாள் இரண்டு நாளில் கருநீலக் கன்றல் வெளிப்பட்டுக் கீழ்நோக்கி இறங்கும். தொடையில் ஏற்பட்ட காயத்தின் கன்றல் முழங்காலின் பின்புறத்தில் தோன்றக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. கசிந்த குருதி தாழ்ந்த இடத்திற்கு வடிந்ததே காரணம். இப்படியிலுள்ள காயம் ஆற மூன்று முதல் எட்டு வாரம் வரை செல்லலாம். மூன்றாம் படியில் தசையோ தசைநாணோ முற்றாக அறுந்துவிடும். விரலால் தடவும்போது பள்ளம் தட்டுப்படலாம். அறுந்த தசை ஒருபுறம் திரண்டு நிற்கலாம். முற்றாக அறுந்ததன் நோவு, பாதி அறுந்ததன் நோவிலும் குறைவாக இருப்பதும் உண்டு. ஆகவே நோவின் அளவை மட்டும் கொண்டு காயத்தை மதிப்பிடலாகாது. வேலை செய்யும் வலிமையையே பார்த்தல் வேண்டும்.

குதிநாண் அறுந்ததை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. யாரோ பின்னாலிருந்து காலில் உதைத்ததுபோல் இருந்தது என்று காயமுற்றவர் சொல்லுவார். திரும்பிப் பார்த்தால் எவரும் இரார். அவரைக் குப்புறக் கிடத்திப் பாதங்கள் பாயின் விளிம்பிற்கு வெளியே தொங்குமாறு செய்து, கெண்டைக்காலை உள்ளங்கையால் அமுக்குக. நாண் அறாவிடின் பாதம் தானே சிறிது கீழ்நோக்கி அசையும். அறுந்திருப்பின் அசையாது. மற்றக் காலிலும் செய்து ஒப்பிடுக. அசையாத காலை அன்றே வைத்தியசாலைக்குக் காட்டுதல் வேண்டும். வாரங்கள் கழித்துக் காட்டினால் சிகிச்சை கடினமாகும்.

கொக்கத்தடி பிடித்துத் தேங்காய் பறிப்போர் நாள் முழுதும் அண்ணாந்து நிற்பதால் கழுத்தும் தோளின் மேற்பகுதியும் நோகும். நிலத்தில் நட்ட இரும்பு முனையில் தேங்காய் உரிப்போருக்கு முன்கையும் நாரியும் நோகும். இவை ஒரே நாளில் நேர்ந்த கிழிவல்ல. ஓய்வின்றி ஒரே அசைவைப் பன்முறை செய்ததன் பயன். எண்ணெயைக் காட்டிலும் வேலையை மாற்றுதலே இவற்றுக்கு மருந்து. நாரிப்பிடிப்பு பெரும்பாலும் சில வாரத்தில் தணியும். படுத்தே கிடத்தல் ஆகாது. ஆனால் நாரி நோவுடன் கால் வலிமை குன்றினாலோ, இருக்கையிற் படும் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க இயலாமற் போனாலோ அது தசையின் நோவன்று. முள்ளந்தண்டின் நரம்பு நெரிபடுகின்றது. ஒரு மணி நேரமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

முதல் மூன்று நாளிற் செய்வன

காயமுற்ற உறுப்பை வேலையிலிருந்து விலக்குக. குளிர்ப்படுத்துக. தளர்ந்த கட்டு இடுக. இருதயத்தின் மட்டத்திலும் சற்று உயர்த்தி வைக்க. 1978 ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் கற்பிக்கப்பட்டுவரும் முறை இதுவே. பிற்கால ஆராய்ச்சி இதிற் சில திருத்தங்களைச் செய்துள்ளது. பனிக்கட்டி நோவைக் குறைக்கும். காயத்தை விரைவில் ஆற்றும் என்பதற்குத் தக்க சான்றில்லை. எனவே முதல் நாளில் நோவு தணியும் பொருட்டு வைத்தாற் போதும். நீடித்த ஓய்வும் கூடாது என்பது மற்றத் திருத்தம். இரண்டு மூன்று நாளுக்குப்பின் நோவு பொறுக்கத்தக்க அளவில் உறுப்பை அசைத்தல் வேண்டும்.

இக்கரையோரத்தில் பனிக்கட்டிக்குக் குறைவில்லை. மீன்வாடியிற் கிடைக்கும் பனிக்கட்டியை உடைத்துப் பொலித்தீன் பையிலிட்டு, ஈரத் துணியாற் சுற்றிப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் வைக்கலாம். தோலின்மேல் நேராக வைத்தால் தோல் வெந்ததுபோற் புண்ணாகும். மீனுக்குரிய பனிக்கட்டி தூயதன்றாதலால் திறந்த புண்ணிற் படவிடலாகாது.

இனி, நம் ஊர்களில் தவறாது நடைபெறும் ஒன்றைப்பற்றிச் சொல்லவேண்டியுள்ளது. சுளுக்கென்றதும் எண்ணெய் காய்ச்சி, சூடு பறக்கத் தேய்த்து, அழுத்தி உருவுகின்றோம். புதிதாகக் கிழிந்த தசையில் குருதி கசிந்துகொண்டிருக்கும். அதனை உருவுதல், கசிவை மிகுதிப்படுத்துவதேயாகும். பலமாக அடிபட்ட தொடையை முதல் நாட்களில் உருவினால், தசைக்குள்ளேயே எலும்பு போன்ற கட்டி வளர்ந்து, முழங்காலை மடக்க இயலாமற் போகவுங்கூடும். ஆகையால் முதல் மூன்று நாள் சூடும் உருவலும் வேண்டா. அதன்பின் இளஞ்சூட்டு ஒத்தடத்தாலும் மெல்லிய தடவலாலும் தீங்கில்லை. தசை தளர்வதற்கு உதவவுஞ் செய்யும். முறிவு நெரிவு வைத்தியர் பலர் கைத்திறன் மிக்கவர். அவர்களைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. மூங்கிற் சிம்பு வைத்து இறுகக் கட்டும் கட்டைப் பற்றியே எச்சரிக்கின்றோம். தசைகள் உறுதியான உறைகளுக்குள் அடங்கியுள்ளன. உள்ளே வீக்கம் பெருக, வெளியே கட்டு இறுக, குருதியோட்டம் தடைப்படுகின்றது. சில மணி நேரத்தில் தசை மாள்கின்றது. கையையோ காலையோ இழக்க நேருகின்றது.

இதன் அடையாளத்தை ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ளல் வேண்டும்: காயத்தின் அளவுக்கு மிஞ்சிய, நேரஞ் செல்லச் செல்ல மிகுகின்ற நோவு, விரலைப் பிறர் பிடித்து நீட்டும்போது தாங்கவொண்ணாத வேதனை, மரத்துப்போதல், இறுகிப் பளபளக்கும் தோல். இவை தோன்றியதும் கட்டை முற்றாக அவிழ்த்துவிட்டு, உறுப்பை இருதய மட்டத்தில் வைத்து, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

நோவுக்குப் பரசிற்றமோல் போதும். வளர்ந்தோர் 500 மில்லிகிராம் வில்லைகள் இரண்டு வீதம் உட்கொள்ளலாம். ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் ஆறு மணி நேர இடைவெளி விடுக. ஒரு நாளில் எட்டு வில்லைகளுக்கு மேற்படலாகாது. ஈரல் நோயுள்ளவரும் நாள்தோறும் மது அருந்துவோரும் வைத்தியரைக் கேளாது உட்கொள்ள வேண்டா. கடைகளில் பெயர் தெரியாது வாங்கும் ‘நோவுக் குளிசைகள்’ வேறு வகையின. வியர்த்து நீர் வற்றிய உடலில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றிற் புண்ணும் உண்டாக்கும். இவற்றை நாள்தோறும் காலையில் விழுங்கிவிட்டு வேலைக்கு இறங்குவோரைப் பல தோட்டங்களிற் கண்டிருக்கின்றோம். நோவு மறைந்தமையால் காயம் ஆறிவிட்டது என்று எண்ணி, கிழிந்த இடத்திலேயே மீண்டும் பாரத்தை ஏற்றுகின்றனர்.

சிறுநீர் கறுத்தல்

இரண்டாம் உலகப் போரில், 1940-1941 ஆம் ஆண்டுகளில் இலண்டன் மாநகர்மீது குண்டுகள் வீசப்பட்டபோது, இடிந்த கட்டடங்களின்கீழ்ப் பல மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்தோர் மீட்கப்பட்டனர். வைத்தியசாலையைச் சேர்ந்தபோது சிலர் நன்னிலையிலேயே காணப்பட்டனர். பின்னர்ச் சிறுநீர் கருஞ்செந்நிறமாகிக் குறைந்தது. சில நாளில் இறந்தனர். பைவாட்டர்ஸ், பீல் என்னும் மருத்துவர் இருவர் 1941 ஆம் ஆண்டில் இதனை விவரித்து வெளியிட்டனர். நசுங்கி மாண்ட தசையிலிருந்து மயோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள் குருதியிற் கலந்து, சிறுநீரகத்தை அடைத்துக் கெடுக்கின்றது. அதே தசையிலிருந்து வெளிப்படும் பொற்றாசியம் இருதயத்தையே நிறுத்திவிட வல்லது.

இலண்டன் எங்கே, நமது தோட்டம் எங்கே என்று எண்ணவேண்டா. கவிழ்ந்த உழவு இயந்திரத்தின்கீழும், வெட்டிச் சாய்த்த தென்னங்குற்றியின்கீழும், மண் சரிந்த கிணற்றுக் குழியிலும் அகப்பட்டவருக்கும் இதுவே நேரும். பாரத்தை இயன்ற விரைவில் அகற்றுக. 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்துச் சுவசெரிய நோயாளர் வண்டியை வருவிக்க. அவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் வீட்டிற்கு அனுப்பற்க. எவ்வளவு நேரம் நசுங்கிக் கிடந்தார் என்பதை வைத்தியருக்கு மறவாது சொல்லுக.

கடலை அடுத்து வாழும் நமக்கு வேறொரு வழியாகவும் இக்கேடு வரும். வலையோடு சேர்ந்து கரைக்கு வரும் கடற்பாம்புகளுள் வலக்கடியன் கொடியது. அது கடித்த இடத்தில் நோவும் வீக்கமும் அரிதாகையால் முள் குத்தியது என்று விட்டுவிடுவர். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடல் முழுவதும் தசைகள் நோகும். அசைத்தாலும் தொட்டாலும் வேதனை மிகும். வாய் திறக்க வராது தாடை இறுகும். சில மணி நேரத்தில் சிறுநீர் தேநீர்ச் சாயம்போற் கறுக்கும். மலாயாவின் பினாங்கில் மீனவர்களிடையே பணியாற்றிய மருத்துவர் அலிஸ்ரெயர் ரீட், இவ்விடம் முதன்மையாகத் தசையையே அழிப்பது என்பதை 1961 ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். தரையில் கண்ணாடி விரியன் கடித்தவருக்கும் இந்நாட்டில் தசையழிவு ஏற்படுவதுண்டு. கடிவாயைக் கீறுதலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் தீங்கே. கடிபட்டவரை நடக்கவிடாது, உறுப்பை அசையாமல் வைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

எக்காரணத்தாலாயினும் தசை நோவுடன் சிறுநீர் கறுத்தால் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயன்று. பழக்கமில்லாத கடும் வேலையை வெயிலில் முதல் நாளே அளவிறந்து செய்த இளைஞருக்கும் இது நேர்வதுண்டு. புதிதாக வந்த கூலியாளைப் பழகியவனோடு போட்டியிட வைக்கும் மேற்பார்வையாளர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

காய்ச்சலோடு வரும் கெண்டைக்கால் நோவு

வயலிலும் சேற்றிலும் வேலை செய்தவருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சல், தலைவலி, கண் சிவத்தல் ஆகியவற்றோடு கெண்டைக்கால் அமுக்கினாற் பொறுக்கவொண்ணாது நோகுமாயின், அதனை வேலை நோவென்று கொள்ளற்க. எலிக்காய்ச்சலாக இருக்கலாம். 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோய் பரவியபோது 7,000 பேருக்கு மேல் நோயுற்றதாகப் பதிவாயிற்று. எலியின் சிறுநீர் கலந்த சேறும் நீரும் காலிலுள்ள வெடிப்பு வழியாக நோயை உட்செலுத்துகின்றன. காலந்தாழ்த்தினால் சிறுநீரகமும் ஈரலும் பழுதுறும். வயல் வேலைக் காலத்தில் முற்காப்பாக உட்கொள்ளும் குளிசைகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாயிலாகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிற் பெறலாம். காய்ச்சலுக்குக் காரணம் டெங்குவாகவும் இருக்கக்கூடுமாதலின், குருதிச் சோதனைக்கு முன் பரசிற்றமோல் அன்றி வேறு நோவு மருந்து எதனையும் உட்கொள்ளலாகாது.

மீண்டும் வேலைக்குச் செல்லுதல்

ஓய்வெடுக்குமாறு கூறுதல் எளிது. நாட்கூலி பெறுபவருக்கு ஓய்வு என்பது அடுப்பெரியாத நாள். ஆகையால் முற்றாக வேலை நிறுத்துவதைவிட வேலையை மாற்றிக் கொடுத்தலே தோட்ட உடைமையாளர் செய்யத்தக்கது. காலிற் காயமுற்றவர் உட்கார்ந்து வெங்காயத் தாள் நறுக்கலாம், மிளகாய் தெரிந்தெடுக்கலாம். தோளிற் காயமுற்றவர் நீர்ப்பம்பியையும் தூவற் குழாய்களையும் கவனித்துக்கொள்ளலாம். வேலையிடத்தில் நேர்ந்த காயத்திற்கு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோரும் உரிமை உண்டு. காயம் நேர்ந்த நாளையும் இடத்தையும் அன்றே எழுதி வைத்தலும், வைத்தியசாலைத் துண்டைப் பாதுகாத்தலும் இதற்குத் துணையாகும்.

பாரத்தின் அளவைப்பற்றியும் ஒரு சொல். நேராக நின்று, உடலோடு அணைத்து, முழங்கால் மட்டத்திற்கு மேலிருந்து தூக்கும் வசதியான நிலையிலும் 23 கிலோகிராமே தக்க எல்லை என்று அமெரிக்கத் தொழிற் சுகாதார நிறுவனம் 1991 ஆம் ஆண்டில் வகுத்தது. நமது வெங்காய மூடை அதனைப் பெரிதும் விஞ்சியது. மூடையைச் சிறிதாகக் கட்டுதல், இருவராகத் தூக்குதல், மணலில் பலகை பரப்பித் தள்ளுவண்டி செலுத்துதல் என்பன செலவு மிகுந்தவையல்ல. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டையும் இங்கு நினைவுகூரலாம். பாட்டின் தாளத்திற்கு எல்லோரும் ஒரே கணத்தில் இழுத்து ஒரே கணத்தில் தளர்வதால், ஒருவன் தோளில் மட்டும் கயிற்றின் முழுப் பாரம் விழுவதில்லை. பாட்டில்லாமல் அவசரமாக இழுக்கும் நாளிலேயே தோள் கிழிகின்றது என்று முதியோர் சொல்வதில் நியாயம் உண்டு.

காயம் ஆறியதா என்பதை நாட்கணக்கால் அன்றி உறுப்பின் செயலாற் சோதிக்க. கெண்டைக்காலாயின், சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலின் முன்பாதத்தில் எழுந்து இறங்குக. நலமான கால் எத்தனை முறை செய்கின்றதோ அத்தனை முறை நோவின்றிச் செய்தல் வேண்டும். தோளாயின், இரு கைகளையும் தலைக்கு மேல் ஒரே உயரத்திற்கு உயர்த்த இயலுதல் வேண்டும். இச்சோதனையில் தேறியபின் முதல் வாரம் வழக்கமான பாரத்திற் பாதியும், அடுத்த வாரம் முக்காலும், அதன்பின் முழுமையும் சுமக்கலாம். எந்தப் படியில் நோவு திரும்புகின்றதோ அதற்கு முந்திய படிக்குச் சென்று ஒரு வாரம் நிற்க. மூன்று வாரம் கழிந்தும் முன்னேற்றம் காணாதவர் புத்தளம், சிலாபம் அரசாங்க வைத்தியசாலைகளுக்குச் சென்று இயன்மருத்துவ சிகிச்சை பெறலாம். இதற்குக் கட்டணம் இல்லை.